துண்டுக்கடியில் ஆறாம் விரல்

கரட்டுப்பாளையம் சந்தையில் சென்னியப்பனிடம் பேரம் பேசி ஜெயித்தவர் என்று ஒருவரும் கிடையாது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர்கள் நிறையப் பேர் உண்டு. அதுதானே தொழில்.

செவ்வாய்க்கிழமை மாட்டுத் தரகு. மற்ற நாளெல்லாம் கடைவீதியில் விரல் மண்டி. ஆறாம் விரல் விற்கிற கடை. ரப்பரில் செய்து கச்சை கட்டி மாட்டிக்கொள்கிற ஏழை விரல் முதல், சுண்டுவிரல் நரம்போடு இணைத்துவிட்டால் தானாக மடங்கி நிமிர்கிற உயர்ரகம் வரை எல்லாம் அங்கே கிடைக்கும். மாப்பிள்ளை விரல் என்று தனியாக ஒரு ரகம் இருந்தது. நகத்தில் பொன் பூச்சு. முகூர்த்த நாட்களில் கடையில் நிற்க இடம் இருக்காது.

ஆறுவிரலார் நம்மை அறுபது வருஷம் ஆண்டுவிட்டுத் தங்கள் கப்பல்களில் ஏறி வானத்துக்கே திரும்பிப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. போராடி விரட்டினோம் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. கட்டுப்படியாகவில்லை, கடையைக் கட்டிவிட்டார்கள் என்று வியாபாரிகள் சொல்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். முன்னொரு காலத்தில் கடல் வழியாக வந்தவர்கள் போன பிறகு அவர்களுடைய கோட்டும் டையும் சித்திரை வெயிலில் நம்மோடு தங்கிவிடவில்லையா? அதேபோல வான்வழி வந்தவர்கள் போன பிறகு விரல் தங்கிவிட்டது.

அவர்கள் நெடிய உருவம். ஊதா கலந்த வெளுப்பு. எந்நேரமும் ஆறு விரல் வைத்த கையுறை. அறுபது வருஷத்தில் ஒருத்தரும் அவர்களுடைய வெறும் கையைப் பார்த்ததில்லை, தொட்டதுமில்லை. நம்முடைய கை அழுக்கு, அதனால்தான் உறை போடுகிறார்கள் என்று நம்மவர்கள் தாங்களாகவே முடிவு செய்து, தங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். ஆறு விரல் வைத்துக்கொண்டவனுக்கு வேலை கிடைத்தது. பிறகு பெண் கிடைத்தது. பிறகு ஆறு விரல் இல்லாதவனைத் திட்டுவதற்கு ஒரு வார்த்தையும் கிடைத்தது. "போடா அஞ்சுவெரலு" என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் கைகலப்பு நிச்சயம்.

ஊர்த் தலைவர் தீர்த்தகிரிக்கு இரண்டு கையிலும் பொருத்தியிருந்தது. இரண்டும் பொன். அதனால் அவரால் சட்டைப் பித்தான் போட முடியாது. வீட்டில் ஆள் வைத்திருந்தார். சோறு பிசையும்போது அந்த விரலைக் கொடிக்கம்பம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் பிசைய வேண்டும். ஊரே அப்படித்தான் பிசைந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஆறாம் விரலுக்கு வேலை இல்லை. மாட்டுச்சந்தை. அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குபவனும் தரகனும் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வாய் பாட்டுக்கு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பொய்விரலோடு பேசினால் கணக்குக் குழம்பிவிடும் என்பதால், துண்டைப் போடும் முன் எல்லோரும் விரலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் நடந்ததைச் செத்தாலும் வெளியே சொல்லக்கூடாது. சொன்னவனுக்கு அப்புறம் எந்தச் சந்தையிலும் கை கொடுக்க ஆள் இருக்காது.

இப்படியாகப் பிழைப்பு போய்க்கொண்டிருக்கையில்தான் ஆறுவிரலார் திரும்பி வந்தார்கள்.

ஆளுவதற்கு அல்ல, வியாபாரத்துக்கு. கரடு வேண்டுமாம், எங்கள் கல் குன்று. ஊருக்கு மேற்கே உட்கார்ந்திருக்கும் அந்த மொட்டைக் கரட்டுக்குள் ஏதோ ஒரு கல் இருக்கிறது, அது அவர்கள் கப்பலுக்குத் தீனி. குத்தகைக்குக் கேட்டார்கள். கரட்டின் அடிவயிற்றில்தான் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுக்கிற ஊற்றுக்கண் இருந்தது. கரட்டைக் குடைந்தால் ஊற்று போகும். ஊற்று போனால் ஊரின் நூறு கிணறும் போகும். அப்புறம் கரட்டுப்பாளையத்தில் பாளையம் எங்கே இருக்கும்?

பக்கத்து ஊரான வேலங்காட்டூரில் ஏற்கெனவே கேட்டு வாங்கிவிட்டார்கள். அந்த ஊர்த் தரகர் லேசுப்பட்டவர் அல்ல. ஐந்து வருஷத்துக்கு மேல் ஒரு நாள்கூடத் தரமாட்டேன் என்று மார்தட்டிவிட்டுப் போனவர், நூற்று நாற்பத்து நான்கு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு, தன் பட்டுச் சால்வையையும் போர்த்திவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்தார். "என்னப்பா இது?" என்று கேட்டதற்கு, "என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டாங்க" என்றாராம். இப்போது அந்த ஊருக்கு லாரியில் தண்ணீர் போகிறது.

ஊர்ச் சபை கூடியது. "அஞ்சு வருசம், வடக்குப் பக்கம் மட்டும், ஊற்றுக்கண்ணைத் தொடக்கூடாது" என்று முடிவானது. பேசப் போவது யார் என்ற கேள்விக்கு எல்லா விரல்களும், ஆறாவது உட்பட, சென்னியப்பனையே காட்டின.

"நானே போயிருப்பேன்," என்றார் தீர்த்தகிரி. "பெரியவங்க முன்னால நின்னா எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருது. அதான்."

சென்னியப்பன் மீசையைத் தடவிக்கொண்டு ஒப்புக்கொண்டான். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று உறைத்தது.

அவன் மனைவி மயிலாத்தாள் தரகர் வீட்டுப் பெண். ஆளையும் சரக்கையும் எடைபோடுவதில் புருஷனுக்கு இளைத்தவள் அல்ல. "ஒத்திகை பாத்துருங்க," என்றாள். அவளுடைய தம்பி நாச்சிமுத்துவின் மூஞ்சியில் சுண்ணாம்பும் கொஞ்சம் நீலமும் பூசி, நெல் குதிரின்மேல் உட்கார வைத்து, பாத்திரம் கழுவுகிற கையுறையில் கடையிலிருந்து ஒரு விரலை ஒட்டவைத்து மாட்டிவிட்டாள். பார்க்கச் சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இருந்தான்.

"ம், கேளுடா," என்றாள்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினான். "எமக்குக் கரடு வேண்டும்."

சென்னியப்பன் எழுந்து நின்றான். கை தானாகக் கூப்பிக்கொண்டது. "எடுத்துக்கோங்க எஜமான்."

மயிலாத்தாள் ஒரு தடவை தம்பியைப் பார்த்தாள், ஒரு தடவை புருஷனைப் பார்த்தாள்.

"ஏனுங்க," என்றாள் மயிலாத்தாள், "பேரத்துல எங்கியோ நடுவுல ஒரு பகுதி காணாமப் போச்சுங்களே?"

"மூஞ்சியப் பாத்ததும் வந்துருச்சு புள்ள."

"அது நம்ம நாச்சிமுத்துங்க. நேத்து உங்ககிட்ட நூறு ரூவா கேட்டு அழுதவன்."

"தெரியுது. எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே!"

மறுபடி முயன்றார்கள். இந்தத் தடவை சென்னியப்பன் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். ஆனால் நாற்காலியோடு சேர்ந்து எழுந்தான். மூன்றாம் தடவை மயிலாத்தாள் துண்டால் அவன் இடுப்பை நாற்காலியோடு கட்டினாள். உட்கார்ந்தபடியே கும்பிட்டான். இதற்கிடையில் குதிர்மேல் இருந்தவனுக்குக் குதூகலம் தலைக்கேறிவிட்டது. "ஏ பெண்ணே, மோர் கொண்டு வா. நின்றுகொண்டே கொடு," என்றான் தன் அக்காவைப் பார்த்து.

"எறங்குடா கீழ!" என்று அவள் விளக்குமாற்றை எடுத்ததும் ஆட்சி கவிழ்ந்தது. சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே நாச்சிமுத்து சொன்னான்: "ஆனா மாமா, மேல உக்காந்திருந்தா ஒரு மாதிரி சொகமாத்தான் இருக்குது. நீங்க கும்பிடக் கும்பிட நான் ஒசந்துட்டே போற மாதிரி இருந்துச்சு."

சென்னியப்பன் சிரிக்கவில்லை. "எங்கப்பன் எப்பேர்ப்பட்ட தரகன்," என்றான். "ஒருக்கா வளத்த மாட்டையெல்லாம் ஓட்டிட்டு ஆறுவிரல் அதிகாரிகிட்டப் போனாரு. அவன் தூக்கி எறிஞ்ச காசைப் பொறுக்கிட்டு வந்தாரு. அம்மா அழுதுச்சு. அப்பன் மட்டும் வழியெல்லாம் சிரிச்சிட்டே வந்தாரு. 'என்னைப் பேரு சொல்லிக் கூப்புட்டாருடா'ன்னாரு. பேரு தப்பாத்தான் சொன்னானாம். ஆனாக் கூப்புட்டானாம்."

மயிலாத்தாள் விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். "மூஞ்சியப் பாத்தாத்தான நடுக்கம்? மாட்டுச்சந்தையில யாரு மூஞ்சியப் பாத்து வெலை பேசறது? துண்டு எதுக்குங்க இருக்குது?"

"பெரியவங்க கையைத் தொடறதா?" என்று பதறினான் அவன்.

"கரட்டைக் குடுத்துட்டு வேலங்காட்டூர் மாதிரி லாரிக்குக் கொடம் தூக்கறதா?"

பேரத்தன்று சந்தைத் திடலில் மேடை போட்டிருந்தார்கள். ஊரே திரண்டிருந்தது. உயரமான நாற்காலியில் ஆறுவிரலாரில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஈம்லா என்று பெயர். இளவயசுதான். நெற்றியில் வியர்வை வேறு. ஆனால் அந்த வெளுப்பையும் உயரத்தையும் பார்த்ததும் கூட்டம் சரசரவென்று எழுந்து நின்றது. நின்றுகொண்டிருந்தவர்களுக்கு எழுந்திருக்க வழியில்லாததால் அவர்கள் எம்பி நின்றார்கள்.

"அனைவருக்கும் வணக்கம்," என்றார் ஈம்லா, பாடம் படித்து வந்த சுத்தத் தமிழில். "அமருங்கள்."

தீர்த்தகிரி அரைகுறை மேல்மொழியில் பதில் சொன்னார். ஆறுவிரலார் பாஷைக்கு ஊரில் அதுதான் பெயர். ஈம்லா புரியாமல் விழித்தார். "தமிழிலேயே பேசலாமே. எனக்கு நன்றாக வரும்."

"ஐயையோ, உங்க வாய்ல எங்க பாஷையா? வேண்டாமுங்க, வாய் வலிக்குமுங்க," என்றார் தீர்த்தகிரி, மறுபடி மேல்மொழியில்.

சென்னியப்பன் மேடை ஏறினான். தலையைத் தூக்கவேயில்லை. பலகைகளைப் பார்த்துக்கொண்டே போய்ப் பலகையிலேயே உட்கார்ந்தான். கால்கள் எழச் சொல்லித் துடித்தன. அவசரமாகத் தோளிலிருந்த துண்டை உதறி விரித்து, அந்தத் துண்டிடமே பேசினான். துண்டிடம் பேச வந்தது.

"எங்க ஊர் வழக்கமுங்க. பேரம் துண்டுக்கடியிலதான். விரலைப் புடிச்சாத்தான் வருசக் கணக்கு. வாய்ப்பேச்சு செல்லாதுங்க."

"தொட வேண்டுமா?" ஈம்லாவின் குரலில் ஒரு சின்னத் தடுமாற்றம்.

"ஆமாங்க. உறையோட பேசறதும் செல்லாதுங்க."

கூட்டத்தில் யாரோ ஒரு கிழவருக்கு மயக்கம் வந்தது. தீர்த்தகிரி "அடப்பாவி" என்று முணுமுணுத்தார். ஈம்லா வானத்தைப் பார்த்தார். ஐந்து ஊர்க் கரடுகளைக் கேட்ட மாத்திரத்தில் வாங்கிவிட்டு வந்தவர். இந்த ஒன்றும் கிடைத்துவிட்டால் கப்பல் நிறைந்து வீட்டுக்குக் கிளம்பலாம். துண்டு மூடியிருக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள்? நாற்காலியை விட்டுக் கீழே இறங்கி எதிரில் உட்கார்ந்தார். துண்டுக்கடியில் கையுறை கழல்கிற சத்தம் கேட்டது. சென்னியப்பனும் வழக்கப்படி தன் ஆறாம் விரலைத் திருகிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கையை நுழைத்தான்.

முதலில் பட்டது உள்ளங்கை. சில்லென்று வழவழவென்று பளிங்கு மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தான். சூடாக இருந்தது. பிசுபிசுவென்று வியர்த்திருந்தது. பரீட்சைக்குப் போகிற பையன் கை மாதிரி. அப்புறம் விரல்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு. எல்லாம் உயிரோடு துடித்தன. அதற்கடுத்து ஆறாவது.

அவன் கை அங்கேயே நின்றது.

எத்தனை ஆயிரம் பேருக்கு மாட்டிவிட்ட கை அது. எந்த இருட்டிலும் இணைப்பைக் கண்டுபிடிக்கும். சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம், தோல் முடிந்து சரக்கு தொடங்குகிற இடத்தில், நூலிழை அளவு ஒரு வரம்பு. வரம்புக்கு அப்பால் துடிப்பு இல்லை. மேலாகச் சூடேறியிருந்ததே தவிர உள்ளே உயிர் இல்லை. அதுவும் திருகுமரை இடப்பக்கம் தேய்ந்து லேசாக ஆடியது.

சென்னியப்பன் முதல்முறையாகத் தலையைத் தூக்கி எதிரில் இருந்த முகத்தைப் பார்த்தான். அந்த முகமும் அவனைப் பார்த்தது. இரண்டு வியாபாரிகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

ஈம்லா அவசரமாக அவன் கையைப் பிடித்து அழுத்தினார். நூற்று நாற்பத்து நான்கு வருஷமாக இருக்கலாம். சென்னியப்பன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கை, கடைப்பழக்கத்தில், பாதித் திருகு இந்தப் பக்கம், முழுத் திருகு அந்தப் பக்கம் என்று சுழற்றி இழுத்தது. விரல் கழன்று அவன் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

ஈம்லாவின் ஊதா வெளுப்பில் ஊதா மறைந்து வெளுப்பு மட்டும் நின்றது.

"மழை எப்படிங்க உங்க பக்கம்?" என்றான் சென்னியப்பன் எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு உதடு அசையாமல், "எத்தனை நாளாப் போட்டிருக்கீங்க?" என்றான். சந்தைத் தரகனுக்கு அது கைவந்த கலை.

"திருப்பிக் கொடுங்கள்," என்று கிசுகிசுத்தார் ஈம்லா. "தயவு செய்து."

தயவு செய்து! அறுபது வருஷத்தில் எந்தக் கரட்டுப்பாளையத்தானும் கேட்டிராத வார்த்தை.

"முதல்ல சொல்லுங்க."

"பிறந்த உடனே பொருத்திவிடுவார்கள். என் மனைவிகூட என் வெறும் கையைப் பார்த்ததில்லை. எங்களை ஒரு காலத்தில் வேறு சிலர் ஆண்டார்கள். அவர்களுக்கு உண்மையாகவே ஆறு."

"அவங்க இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

"உங்கள் பாட்டன் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள்."

"பொறவு எதுக்குங்க இன்னும் போட்டிருக்கீங்க?"

ஈம்லா சென்னியப்பனின் சட்டைப் பையை மட்டும் பார்த்தார். அங்கே அவனுடைய விரல் பொன் நகத்தோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சென்னியப்பனுக்குச் சுருக்கென்றது. பேச்சை மாற்றினான். "அப்ப அந்தக் கையுறை?"

"இணைப்பு தெரிந்துவிடக் கூடாது என்றுதான்."

"எங்க கை அழுக்குன்னு நாங்க நெனச்சோமுங்க."

"தெரியும்." இளைஞர் தலையைக் குனிந்தார். "நாங்கள் அப்படிச் சொல்லவேயில்லை. நீங்களாக நினைத்தீர்கள். எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. என் பாட்டனார் இங்கேதான் அதிகாரியாக இருந்தார். இங்கே வந்த புதிதில் ஐந்து விரலோடு வெட்கமில்லாமல் நடமாடுகிற மக்களைப் பார்த்து அவருக்கு இரவெல்லாம் பயமாம். கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. முதல் ஆள் பொய்விரல் மாட்டிக்கொண்டு வந்து நின்ற அன்றுதான் அவருக்குத் தூக்கம் வந்ததாம்."

சென்னியப்பன் உள்ளங்கையில் இருந்ததை உருட்டிப் பார்த்தான். மட்டமான வார்ப்பு. வாஷர் லூசு. அவன் கடையில் இதை ஏழை விரல் பெட்டியில்கூடப் போடமாட்டான். 'இந்தச் சரக்கை மாட்டுனவனுக்கா எங்கப்பன் மாட்டையெல்லாம் குடுத்துட்டுச் சிரிச்சிட்டு வந்தாரு?' சிரிப்பும் வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினான்.

"கரடு இல்லீங்க," என்றான்.

"வடக்குப் பக்கம் மட்டும்?"

"இல்லீங்க."

"ஊற்றுக்கண்ணைத் தொடாமல், மூன்றே வருஷம்?"

ஆள் பிறவி வியாபாரிதான் என்று சென்னியப்பனுக்கு மதிப்பு வந்தது. ஊர்ச் சபை கொடுக்கச் சொன்னதைவிடக் குறைவாகவே கேட்கிறான். வேறு நேரமாக இருந்தால் முடித்திருப்பான். "இதக் கையில வெச்சுக்கிட்டு நான் எந்திரிச்சிட்டா என்ன ஆகுமுங்க?"

ஈம்லா கண்ணை மூடித் திறந்தார். துண்டுக்கடியில் அவருடைய ஐந்து விரல்களும் விரிந்தன. விட்டுவிட்டேன் என்று அர்த்தம். எந்தச் சந்தையிலும் அதற்கு அதுதான் அர்த்தம்.

சென்னியப்பன் விரலைத் திருப்பி மாட்டினான். தொழில்காரன் கை சும்மா இராதே. ஆட்டத்தைச் சரிசெய்து இறுக்கியே மாட்டினான். "ரெண்டு மாசத்துக்குத் தாங்கும். எங்கீங்க வாங்குனீங்க இதை? நல்லா ஏமாத்திட்டானுங்க."

"வெளியே..." என்று தொடங்கினார் ஈம்லா.

"துண்டுக்குள்ள நடந்தது துண்டுக்குள்ளதாங்க. அது என்னோட தொழில்."

துண்டை எடுத்தான். எழுந்து கூட்டத்தைப் பார்த்தான். கால்கள் நடுங்கவில்லை. "பேரம் முடிஞ்சுது. கரடு இல்லைன்னு சொல்லியாச்சு. ஒரு வருசம்கூட இல்லை. கரடு நம்ம கரடாவே இருக்கும்," என்றான்.

கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தான். நாச்சிமுத்து மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அக்கம்பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"இல்லைன்னா சொன்னே?" என்றார் தீர்த்தகிரி. "பெரியவங்க எத்தனை தூரத்திலிருந்து வந்திருக்காங்க. வெறுங்கையோட அனுப்பறதா? அஞ்சுவெரல் புத்தியக் காட்டிட்டியேடா!"

"கேட்டதே பெரிசு, அவங்க போய் இவன்கிட்ட..." என்று ஒரு பெண் குரல். "கீழ எறக்கி உக்கார வெச்சுட்டானே பாவி," என்று இன்னொன்று.

தீர்த்தகிரி மேடைக்கு ஓடிவந்து ஈம்லாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "எஜமான், இவன் மாட்டுத் தரகன், மரியாதை தெரியாது. மனசுல வெச்சுக்காதீங்க. கரட்டை முழுசா எடுத்துக்கோங்க. வருசக் கணக்கே வேண்டாமுங்க. ஊற்றுக்கண்ணையும் சேர்த்து எடுத்துக்கோங்க!"

கூட்டம் "ஆமாமா, ஆமாமா" என்றது. கண்களில் நீர் தளும்ப ஊர் முழுக்கத் தன் குடிதண்ணீரைத் தானம் செய்துகொண்டிருந்தது.

ஒரு கணம் ஈம்லாவின் கண் மின்னியது. அதைக் குறை சொல்ல முடியாது. இலவசமாக வருகிற சரக்கைப் பார்த்து மின்னாத கண் வியாபாரி கண் அல்ல. அவர் மெல்லத் திரும்பிச் சென்னியப்பனைப் பார்த்தார். சென்னியப்பன் வாயே திறக்கவில்லை. வாக்கு வாக்குதான். துண்டை நிதானமாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு வலது கையைக் காற்றில் தூக்கி, ஒழுகுகிற குழாயை மூடுகிற மாதிரி, பாதித் திருகு இந்தப் பக்கம், முழுத் திருகு அந்தப் பக்கம் திருகிக் காட்டினான்.

"வேண்டாம்," என்றார் ஈம்லா அவசரமாக. "எங்களுக்குக் கரடு வேண்டாம். வணக்கம்." விறுவிறுவென்று கப்பலைப் பார்த்து நடந்தார். அவ்வளவு பெரிய உருவம் அத்தனை வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

கப்பல் மறைந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. யாரோ மெதுவாகக் கேட்டார்: "வேண்டாமாமே? நம்ம கரட்டுக்கு என்னய்யா குறை? வேலங்காட்டூர்க் கரடு மட்டும் ஒசத்தியா?" அதோடு அழுகை கிளம்பிவிட்டது.

ஊற்றுக்கண் அப்படியே இருக்கிறது. ஊர் அந்தத் தண்ணீரைக் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு சென்னியப்பனைத் திட்டியது. செவ்வாய்க்கிழமை அவனுக்குக் கை கொடுக்க ஆள் வரவில்லை. பெரியவங்களுக்கே இல்லை என்று சொன்னவன், நமக்கு என்ன சொல்வானோ என்று பயம். மயிலாத்தாள் மட்டும் ஒரு தடவை கேட்டாள்: "துண்டுக்கடியில என்னங்க ஆச்சு?" அவன் துண்டை உதறிக் கொடியில் போட்டான். தரகர் வீட்டுப் பெண் என்பதால் அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. மோரில் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பெருங்காயம் போட்டுக் கொடுத்தாள்.

எல்லாம் தெரிந்த பிறகு மனசு மாறிவிட்டதா என்றால், அதுவும் அத்தனை சுலபமாக இல்லை. ஒரு நாள் மாலை வெகு உயரத்தில் கப்பல் ஒன்று போன சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த சென்னியப்பன் இலையை விட்டு எழுந்து நின்றுவிட்டான். அறிவுக்குப் போய்ச் சேர்ந்த சேதி முழங்காலுக்குப் போய்ச் சேர இன்னும் நாளாகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தன் காலைத் தானே ஒரு தட்டுத் தட்டி, மறுபடி உட்கார்ந்தான்.

இதற்கிடையில் ஊர்ச் சபை கூடி ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தது. பெரியவங்க கரட்டை வேண்டாம் என்று சொன்னதற்கு வேறு எதுவும் அல்ல, நம்மூர் விரல்களின் தரம்தான் காரணம். ரப்பர் விரலோடு கூட்டத்தில் நின்றால் யாருக்குத்தான் மதிப்பு வரும்? இனி எல்லோரும் உயர்ரகம்தான் போட வேண்டும். குழந்தைகளுக்குப் பேர் வைக்கும்போதே மாட்டிவிட வேண்டும் என்று தீர்மானம். மாட்டுச்சந்தையில் கை கொடுக்காத ஊர், விரல் மண்டியில் வரிசையில் நின்றது. வேறு கடை இல்லையே. வெளியூர்ச் சரக்கு லாரி லாரியாக வந்து இறங்கிக் கூரைவரை பெட்டி அடுக்கியாகிவிட்டது. பரம்பரைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஒரு நாள் காலை கடை திறந்த கையோடு முதல் ஆளாக ஒரு பெண் வந்தாள். மார்போடு அணைத்த கைக்குழந்தை. பிறந்து மாதம்கூட ஆகியிருக்காது, தலை நிற்கவில்லை.

"அண்ணா, வெள்ளிக்கிழமை பேர் வெக்கறோமுங்க. சின்னதா, நல்லதா ஒண்ணு குடுங்க. காசு கூட ஆனாலும் பரவால்ல."

சென்னியப்பன் அளவு பார்க்கக் குழந்தையின் கையைப் பிடித்தான். பிடித்த மாத்திரத்தில் அது அவனுடைய கட்டைவிரலை ஐந்து விரலாலும் இறுக்கிக்கொண்டது. விடவில்லை. இத்தனை வருஷத் தரகில் இப்படி ஒரு பிடியை அவன் பார்த்ததில்லை. இதற்கு என்ன விலை என்றும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. பிடியிலேயே கொஞ்ச நேரம் இருந்தான்.

"சரக்கு இல்லீங்க," என்றான்.

காசோடு வந்து நிற்கிற ஆளிடம் அவன் வாழ்நாளில் சொல்லியிராத வார்த்தை. நாக்கு அதைத் தூக்க முடியாமல் தூக்கிப் போட்டது.

அந்தப் பெண் அவன் தலைக்கு மேல், கூரைவரை அடுக்கியிருந்த பெட்டிகளை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப அதெல்லாம் என்னங்க?"

சென்னியப்பன் திரும்பி அவற்றை ஒரு முறை பார்த்தான்.

"அதெல்லாம் காலிப் பெட்டிங்க அம்மிணி," என்றான்.